ஓரகத்தியின் பம்பு

அந்த வருஷம் செல்லத்துக்குச் சோறு தொண்டையில் இறங்காமல் போனதற்குக் காய்ச்சல் காரணமில்லை. பக்கத்துப் பாத்தியில் தொங்கிய பயத்தங்காய்தான் காரணம்.

சாதாரணக் காயா அது? ஒவ்வொன்றும் ஒரு முழம். பந்தலிலிருந்து சடை சடையாகத் தொங்கி, காற்றடித்தால் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஆடும். ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடிந்து வாளியோடு வரும்போது குனிந்த தலை நிமிராமல் வீட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்றுதான் செல்லம் தினமும் நினைப்பாள். கண் கேட்டால்தானே! லயத்து வரிசை வீடுகளின் பின்புறம் வந்ததும் அதுவாகத் திரும்பும். திரும்பினால் அங்கே அந்தக் காய்கள். காய்களுக்கு நடுவில், முதுகிலே மருந்தடிக்கிற பித்தளைப் பம்பைச் சுமந்துகொண்டு, பட்டத்து ராணி மாதிரி வள்ளிநாயகி.

வள்ளிநாயகி யாரோ எவளோ இல்லை. செல்லத்தின் புருஷன் முனியாண்டிக்கு ஒரே தம்பி சன்னாசி; அவன் கட்டிக்கொண்டு வந்தவள். ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. நடுவே ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் கடுகு வெடித்தால் அந்தப் பக்கம் தெரியும். பின்னால் இருந்த காய்கறிப் பாத்திகளும் அப்படியே, ஒட்டிக்கொண்டு.

அது காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்த காலம். பெடாஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஆறாம் மைலில் இருந்த ஆறாங்கட்டை ரப்பர் தோட்டத்தில், காட்டோரம் சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் பிரித்து, சனங்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து கூட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். வாசலில் போலீஸ் காவல். காலையில் கேட் திறந்தால் வேலைக்குப் போக வேண்டும்; மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். ஒரு பிடி அரிசியை மடியில் முடிந்துகொண்டு வெளியே போனால்கூட, காட்டில் இருப்பவனுக்குத்தான் கொண்டு போகிறாய் என்று பிடித்து வைத்துக்கொள்வார்கள். அரிசி அளந்துதான் கிடைத்தது. கறிக்கு வழி? அதற்காகத்தான் தோட்டத்துத் துரை வேலிக்குள்ளேயே குடும்பத்துக்கு ஒரு துண்டு மண் ஒதுக்கினார்.

மண்ணா அது? புல்டோசர் விட்டு மேல்மண்ணைச் சுரண்டித் தள்ளிய வெறும் செம்மண். செல்லம் தனக்குத் தெரிந்தபடி செய்தாள். விதையைக் கையில் அள்ளி வீசினாள். மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் தூக்கி ஊற்றினாள். கொடியில் கறுப்புப் பேன் அடைந்தபோது அடுப்புச் சாம்பலைத் தூவினாள். காய் காய்த்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. விரல் நீளத்துக்கு, வளைந்து சுருங்கி, நோயாளி மாதிரி.

வள்ளிநாயகி அப்படியில்லை. விவசாய இலாகாவிலிருந்து ஒரு ஆள் வந்து காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பேசியபோது மற்ற சனமெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, இவள் மட்டும் முன்னால் போய் நின்று கேள்வி கேட்டாள். அவரிடமே விதை வாங்கினாள். கயிறு கட்டி வரிசை பிடித்து, இடைவெளி விட்டு ஊன்றினாள். வெள்ளை உரத்தைத் தண்ணீரில் கரைத்து வேருக்குத் தள்ளி ஊற்றினாள். எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பம்பு. சன்னாசி தோட்டத்தில் லாலாங் புல்லைக் கொல்ல மருந்தடிக்கிற கூட்டத்தில் வேலை செய்தான். ஒழுகுகிறது என்று ஸ்டோரில் ஒதுக்கிப் போட்ட பம்பு ஒன்றைத் துரையிடம் கேட்டு வாங்கி, ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து, பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டான். அவள் அதில் புகையிலைத் தண்ணீரும் சோப்பும் கலந்து, பிடியை மேலும் கீழும் ஆட்டி, பனி மாதிரி இலைக்கு அடியில் அடிப்பாள். பேன் செத்து உதிரும். கொடி தலை தூக்கும்.

இதெல்லாம் செல்லத்துக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பார்த்தாள். பொறாமைக்காரி பார்க்கிற மாதிரி வேறு யார் பார்ப்பார்கள், கண்ணுகளா? பலகை இடுக்கு வழியாக, துணி உலர்த்துகிற சாக்கில், கோழியை விரட்டுகிற சாக்கில் பார்த்தாள். புகையிலை எத்தனை நேரம் ஊறுகிறது, சோப்பு எவ்வளவு, இலையின் எந்தப் பக்கம் அடிக்கிறாள், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தாள். ஒரு குறையும் அகப்படவில்லை. அதுவே பெரிய எரிச்சலாகிவிட்டது.

ஒருநாள் குழாயடியில் நாலு பெண்கள் நிற்கும்போது வள்ளிநாயகி வாயைத் திறந்தாள்.

"அக்கா, உங்க கொடியில பேன் அப்பிக்கிட்டு இருக்கே. பம்பு சும்மாதானே கெடக்கு, எடுத்துக்கோங்கலா."

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது இடுப்பில் ஒரு கை, உதட்டில் ஒரு சிரிப்பு. செல்லத்துக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது.

"எனக்குக் கையி ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. முதுகுல கழுதப் பொதி ஏத்திக்கிட்டு ஆடணும்னு தலையெழுத்து இல்ல. செத்தாலும் அந்தப் பம்பத் தொடமாட்டேன், போ!"

"தொடாட்டிப் போங்க. பேனு உங்க வீட்டு விருந்தாளி, நான் ஏன் வெரட்டணும்?"

குழாயடியே சிரித்தது. பஞ்சாலை என்று ஒருத்தி, லயத்தின் கடைசி வீட்டுக்காரி, வாய்க்குள் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு சிரித்தாள். சாயங்காலத்துக்குள் செல்லத்தின் சபதம் வேலிக்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதற்குப் பிறகுதான் தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி சிவசிதம்பரம் பெரட்டில் அந்தச் செய்தியைச் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டை கசங்காமல் நிற்பவர்.

"இஞ்ச எல்லாரும் கேளுங்கோ. வேலிக்குள்ள இருக்கிற நிலம் கொஞ்சம். அதைச் சும்மா கிடக்க விடேலாது எண்டு துரை சொல்லிப்போட்டார். வாற ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பாப்பன். ஒழுங்காய்க் காய்க்காத பாத்தியை, பக்கத்தில நல்லாய்ச் செய்யிற ஆளின்ர பாத்தியோட சேர்த்துவிடுறது. விளங்குதோ?"

செல்லத்துக்கு நன்றாக விளங்கியது. அவள் பாத்திக்கு ஒரு பக்கம் முள்வேலி. மறுபக்கம் வள்ளிநாயகி. போனால் அது வேறு எங்கே போகும்? தன் கையால் கல் பொறுக்கிய மண்ணில் அந்தப் பம்புக்காரி வந்து நின்று கயிறு பிடிப்பாள். தினமும் இதே இடுக்கு வழியாக அதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"போனா போவுது, தம்பி பொஞ்சாதிதானே," என்றான் முனியாண்டி, வெற்றிலையை மடித்தபடி.

"உங்களுக்கென்ன, வாய்க்குள்ள வெத்தில இருந்தா உலகமே செவப்பு," என்றாள் செல்லம்.

அவள் எல்லாவற்றையும் பார்த்தாள் என்று சொன்னேன் அல்லவா? பார்க்காதது ஒன்று இருந்தது. தோட்டத்தில் பம்பு குறைவாக இருக்கிற நாளில் சன்னாசி இந்தப் பம்பையும் தூக்கிக்கொண்டு போவான். அன்று அதில் லாலாங் மருந்து. அது பொல்லாத விஷம். அடித்த புல்லை நக்கிய மாடு செத்துப்போகும். அதனால் திரும்பும்போது, கேட்டுக்கு வெளியே ஓடுகிற ஆற்றில் இறங்கி, சோடா உப்புப் போட்டுத் திரும்பத் திரும்ப அலசி, கவிழ்த்துக் காயவைத்துத்தான் உள்ளே கொண்டுவருவான். அது வேலிக்கு வெளியே நடந்த வேலை. பலகை இடுக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை. செல்லத்தைப் பொறுத்தவரை பம்பு பம்புதான். எதை ஊற்றுகிறோமோ அது வெளியே வரும்.

கிராணி வருவதற்கு முதல் நாள், சனிக்கிழமை மத்தியானம், பக்கத்துத் தோட்டத்தில் காட்டுக்காரர்கள் யாரையோ சுட்டுவிட்டார்கள் என்று சங்கு ஊதியது. வெளியே இருந்த ஆட்களையெல்லாம் போலீஸ்காரர்கள் ஆடு மாடு மாதிரி உள்ளே விரட்டினார்கள். ஆற்றில் இறங்க யார் விடுவார்கள்? சன்னாசி, அடியில் மருந்து மிச்சம் கிடந்த பம்பை அப்படியே சுமந்து வந்து வீட்டுக்குப் பின்னால் வைத்தான். அன்று அரிசி அளக்கிற நாள். லயத்துச் சனம் முழுக்க ஸ்டோர் வாசலில் வரிசையில் நின்றது. அவன் நேரே அங்கே போய்ப் பெண்டாட்டியிடம், "இன்னும் அலசல. கிட்டப் போயிடாதே," என்று சொல்லிவைத்தான்.

செல்லம் வரிசையில் முனியாண்டியை நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்க வந்திருந்தாள். லயமே வெறிச்சோடிக் கிடந்தது. பின்வாசலைத் திறந்தால், சுவரில் சாய்ந்துகொண்டு அந்தப் பம்பு.

முதலில் அதன் வயிற்றை ஒரு விரலால் தொட்டாள். வெயிலில் சூடாக இருந்தது. பிறகு நாலு பக்கமும் பார்த்தாள். புகையிலைத் தண்ணீர் அவளிடம் தயாராக இருந்தது; முந்தின நாளே ஊறப்போட்டிருந்தாள், எதற்கென்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல். ஊற்றினாள். வாரில் கையை நுழைத்தாள். பாரம் முதுகில் ஏறியதும் உடம்பே ஒரு மாதிரி நிமிர்ந்துகொண்டது. பிடியை ஆட்டினாள். புஸ்ஸென்று பனி பறந்தது. அடடா! இந்தச் சுகத்தையா அவள் இத்தனை நாளும் தனியாக அனுபவித்தாள்? ஒரு இலை விடாமல், அடியிலும் மேலிலும், வள்ளிநாயகி எப்படி அடிப்பாளோ அப்படியே, அதைவிட நன்றாகவே அடித்தாள். வேலை முடிந்ததும் பம்பை இருந்த இடத்தில் வைத்து, வாரை இருந்த மாதிரிதான் என்று நினைத்து மடித்துவிட்டு, முகம் கை கால் கழுவிக்கொண்டு வரிசைக்குப் போய் நின்றாள். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு நன்றாக இறங்கியது.

விடிந்து பின்கதவைத் திறந்தவள் பாத்திக்கு ஓடினாள். கொடி முழுவதும் வெந்நீர் ஊற்றியது போல வெந்து, கருகி, இலையெல்லாம் துவண்டு தொங்கியது. ஒரு பச்சை இல்லை. பந்தலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கணக்கு உடனே வேறு பக்கம் ஓடியது. நேற்றுப் புகையிலை கூடிப்போயிருக்கும். அல்லது அந்தப் பம்பு அவள் கைக்கு மட்டும்தான் கட்டுப்படும் போல. எதுவானால் என்ன, கிராணி வரப்போகிறார், பாத்தி போகப்போகிறது. போகிற பாத்தியில் ஒரு காயையாவது அவளுக்கு விட்டுவைப்பானேன்? இருந்த சுருங்கல் காய்களை ஒன்று விடாமல் பறித்தாள். ஒடித்துச் சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். பிள்ளைகள் இரண்டும் தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டன.

அப்போதுதான் வள்ளிநாயகி எழுந்து பின்பக்கம் வந்தாள். காய் ஒன்றுகூட இல்லாத கருகிய கொடியைப் பார்த்தாள். திரும்பி, பம்பைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் தலைமுடி அவிழ்ந்து பறக்கச் செல்லத்தின் குசினிக்குள் நுழைந்து, அடுப்பிலிருந்த சட்டியை ஓர் உதை விட்டாள். சட்டி உருண்டு உடைந்தது. காய் தரையெல்லாம் சிதறியது. பிள்ளைகள் வீரிட்டன.

"அடிப்பாவி! என் வீட்டு அடுப்பையா ஒதைக்கிற!"

"வெசம்! அது லாலாங் மருந்து அக்கா! வெசம்!"

சத்தம் கேட்டு லயமே கூடிவிட்டது. முன்வாசலிலும் சனம், பின்வாசலிலும் சனம். கருகிய பாத்தியைப் பார்த்தார்கள், உடைந்த சட்டியைப் பார்த்தார்கள். முதலில் கணக்குப் போட்டவள் பஞ்சாலை.

"விஷமுன்னு இவளுக்கு எப்படித் தெரியுமாம்? அடிச்சவளுக்குத்தானே தெரியும்!"

அந்தச் சொல் கூட்டத்துக்குள் எண்ணெய் மாதிரிப் பரவியது. பாத்தி தனக்கு வர வேண்டுமென்று ராத்திரியோடு ராத்திரியாக மருந்தடித்திருக்கிறாள். அப்புறம் குழந்தைகள் தின்னப் போவதைப் பார்த்துப் பயந்துபோய் ஓடி வந்திருக்கிறாள். வேறு என்ன?

"நான் அடிக்கல! நேத்து எங்க வீட்டுக்காரரு பம்ப அலசாமக் கொண்டாந்தாரு. அக்காதான் எடுத்து அடிச்சிருக்காங்க. வார மாத்தி மடிச்சிருக்கு, போய்ப் பாருங்க!"

"யாரு, செல்லமா?" என்று சிரித்தாள் பஞ்சாலை. "செத்தாலும் தொடமாட்டேன்னு குழாயடியில சத்தியம் பண்ணவ அவ. நாங்க நாலு பேரு சாட்சி. வேற கதை சொல்லுடி."

"அவ பாத்திய வச்சி நான் என்னா பண்ண? கருவாடா காயப்போட?" என்று கத்தினாள் வள்ளிநாயகி.

அந்த நேரம் பார்த்துக் கிராணி வந்து சேர்ந்தார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாரையும் ஒரே நேரத்தில் பேசவிட்டுக் கேட்டார்.

"விஷம் எண்ட கதை கேட்டில நிக்கிற போலீஸ்காரனுக்குப் போச்சுதெண்டால் அவன் சன்னாசியைச் சும்மா விடமாட்டான், தெரியுமோ? வேலிக்குள்ள விஷம் ஏன் வந்ததெண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? இதை இஞ்சையே முடிக்கவேணும். பம்பு இப்பவே ஸ்டோருக்குப் போகட்டும். அழிஞ்ச பாத்திக்குப் பதிலாய் வள்ளிநாயகியின்ர பாத்தியை இண்டைக்கே செல்லத்துக்கு எழுதிவிடுறன். சரிதானே, செல்லம்? நீர் என்ன சொல்லுறீர்?"

எல்லாரும் செல்லத்தைப் பார்த்தார்கள்.

அவள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தலையை ஒரு முறை ஆட்டினால் போதும். பலகை இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த அந்த முழநீளக் காய்கள், கயிறு பிடித்த வரிசை, பந்தல் எல்லாம் அவளுடையது. அவள் அங்கே நின்று பறிப்பாள். வள்ளிநாயகி இடுக்கு வழியாகப் பார்ப்பாள். நினைக்கவே தேன் மாதிரி இனித்தது. இதோ, ஆட்டிவிடலாம்.

ஆட்டப் போனவள் ஓரகத்தி எங்கே என்று பார்த்தாள். அவள் தோற்ற முகத்தைப் பார்க்காமல் ஜெயித்து என்ன பிரயோசனம்? வள்ளிநாயகி கிராணியைப் பார்த்து நிற்கவில்லை. சண்டையையே மறந்தவளைப் போலத் தரையில் முட்டி போட்டு, சிதறின காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உடைந்த சட்டி ஓட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே நுழையப் பார்த்த கோழியை ஒரு கையால் விரட்டினாள். பிறகு செல்லத்தின் மூத்த பெண்ணை இழுத்து, அவள் வாயைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"தின்னியா கண்ணு? சின்னம்மாகிட்ட நெசத்தச் சொல்லு. ஒண்ணாச்சும் வாயில வச்சியா? தம்பி வச்சானா?"

"இல்ல சின்னம்மா."

வள்ளிநாயகி அப்படியே சுவரில் சாய்ந்து அழுதாள்.

செல்லத்துக்கு அந்த இடத்தில் பொறாமை பற்றிக்கொண்டது பாருங்கள், அதுவரைக்கும் பட்டதெல்லாம் ஒன்றுமில்லை. பெற்றவள் இங்கே குத்துக்கல் மாதிரி நிற்கிறாள். என் பிள்ளை தின்றதா என்று கேட்க இவள் யார்? அந்தக் கேள்வி என் வாயிலிருந்தல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? காய் எனக்குக் காய்க்கவில்லை, போகட்டும். என் பிள்ளைக்குப் பதறுவதில்கூடவா இவள் என்னை முந்த வேண்டும்? என் பெண் அவளை ஒட்டி நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறதே!

"விடுடி என் புள்ளைய!" என்று பாய்ந்து மகளைப் பிடுங்கி இடுப்போடு அணைத்துக்கொண்டாள். பிடுங்கின கையோடு, கிராணி பக்கம் திரும்பி, சண்டைக்குப் போகிறவள் மாதிரியே கத்தினாள்:

"நான்தான் எடுத்தேன்! பம்ப நான்தான் எடுத்தேன். நேத்து எல்லாரும் அரிசிக்கு நின்னப்ப. இவ அடிக்கல. இவளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்ல. போதுமா?"

பஞ்சாலை மெதுவாகத் தலைப்பை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள், சிரிக்க அல்ல. முனியாண்டி வெற்றிலையைத் துப்ப இடம் தெரியாமல் விழுங்கிவிட்டான்.

"அப்ப சரி," என்றார் கிராணி கடைசியில். "சொன்னது நல்லது. ஆனால் பாத்தி உமக்கு இல்லை. துரையின்ர சட்டம் சட்டம்தான். இது வள்ளிநாயகியின்ரதோட சேருது. பம்பு இனிப் புல்லு மருந்துக்குப் போகாது, காய்கறிக்கு மட்டும். சன்னாசி, கேட்டதோ?"

அப்படியாகச் செல்லத்தின் மண் போயிற்று. சன்னாசி மேல்மண்ணை ஆழமாக வெட்டியெடுத்து, குப்பை மண் என்று போலீஸ்காரனிடம் சொல்லிக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்தான். பயிர் வைக்கலாம் என்று விவசாய இலாகா ஆள் வந்து சொல்கிறவரை ஒரு பருவம் அதை வெறுமே போட்டு வைத்தார்கள். செல்லம் பலகை இடுக்கில் துணியை அடைத்துவிட்டாள். ஊர் முழுக்க வள்ளிநாயகி புகழ். உடைந்த சட்டிக்குப் பதிலாக அவளே ஒரு புதுச் சட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதில் செல்லத்துக்கு இரண்டு நாள் தலைவலி.

பருவம் மாறி, அந்த வெறும் மண்ணில் வள்ளிநாயகி கயிறு பிடிக்கிற சத்தம் ஒருநாள் கேட்டது. கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினாள் செல்லம். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினாள். அப்புறம் துணியை உருவிவிட்டு இடுக்கில் கண்ணை வைத்தாள். வைத்தவள் பொறுக்க மாட்டாமல் பின்கதவைத் திறந்துகொண்டு போனாள்.

"ஏய், அங்க கல்லுப்பாறை இருக்கு, அடியில. அங்க ஊணாத. ரெண்டு சாண் தள்ளிப் புடி கயித்த."

"எங்கக்கா?"

"எங்கேயாம். தள்ளு, நான் புடிக்கிறேன்."

வள்ளிநாயகி கயிற்றின் மறுமுனையைக் கொடுத்தாள். அன்று இருவருமாக விதை ஊன்றி முடித்தார்கள். இரண்டாம் வாரம் பேன் வந்தபோது, "எனக்குத் தோளு வலிக்குதுக்கா," என்று வள்ளிநாயகி பம்பைக் கீழே இறக்கிவைத்தாள். வலியெல்லாம் ஒன்றுமில்லை என்று செல்லத்துக்குத் தெரியும். பம்பின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள், தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினாள், மறுபடி மோந்து பார்த்தாள். பிறகு வாரைத் தன் அளவுக்கு இழுத்துக் கட்டிக்கொண்டு, ஓரகத்தி அடித்த வரிசையையும் சேர்த்து இன்னொரு தரம் அடித்தாள். "அடியில சரியா நனையல," என்று காரணமும் சொன்னாள்.

அந்தப் பாத்தியின் முதல் காய் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. வள்ளிநாயகி காய்களில் பாதியைப் பறித்துக் கொண்டுவந்து செல்லத்தின் வாசலிலேயே போட்டுவிட்டுப் போனாள். செல்லம் தேங்காய் போட்டுப் பிரட்டி வைத்தாள். முனியாண்டி ஒரு வாய் வைத்தான், இரண்டாவது வாய் வைத்தான், தலையை ஆட்டினான்.

"என்னமா இருக்கு! யாரு வெளைய வச்ச காயி இது, நீயா அவளா?"

செல்லம் அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

"உப்பு நான் போட்டது," என்றாள். "பேசாம சாப்பிடுங்க."